கார் பாட்டும் அதன் ஒயர்களும் – ஒரு வரலாறு

1930-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் கால்வின் என்பவர் ஒரு சிறிய தொழிற்சாலை நடத்தி வந்தார். பேட்டரியில் ஓடும் ரேடியோக்களை வீட்டு மின்சாரத்தில் ஓட வைக்கும் கருவிதான் அவருடைய சரக்கு. நேரடியாக மின்சாரத்தில் ஓடும் ரேடியோக்கள் சந்தைக்கு வந்துவிட்டதால் அந்தச் சரக்கை வாங்க ஆளில்லை. போதாக்குறைக்கு முந்தைய ஆண்டுதான் பங்குச் சந்தை சரிந்திருந்தது. இனி காரில் ரேடியோ வைப்பதுதான் வழி என்று முடிவு செய்த கால்வின் வங்கியில் கடன் கேட்டார். வங்கிக்காரரின் மனதைக் கரைக்க அவருடைய பேக்கார்ட் காரிலேயே ஒரு ரேடியோவைப் பொருத்திக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்து எரிந்தது. கடன் கிடைக்கவில்லை!

கார் ரேடியோவின் பிறப்பைப் பற்றி இன்றும் சொல்லப்படும் கதை இது. கால்வின் சோர்ந்துவிடவில்லை. தன்னுடைய ஸ்டூட்பேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்திக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சென்று, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டின் வாசலில் காரை நிறுத்திப் பாட்டைச் சத்தமாக வைத்தார். உள்ளே கடை போடப் பணம் இல்லை என்பதுதான் காரணம். ஆர்டர்கள் வந்தன. அந்த மாடலின் பெயர் 5டி71. வண்டியைக் குறிக்கும் மோட்டார் என்ற சொல்லோடு, அந்நாளைய பாட்டுப் பெட்டிகளின் பெயர்களில் வழக்கமாக வரும் 'ஓலா' என்ற வாலைச் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் மோட்டரோலா.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். ரேடியோவுக்கு 110 முதல் 130 டாலர் வரை. அதே காலத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் ஏ டீலக்ஸ் கார் முழுவதுமே 540 டாலர்தான். அதாவது காரின் விலையில் ஏறக்குறைய கால் பங்கு பாட்டுக்கே போனது. ஐரோப்பாவில் நிலைமை இதைவிட மோசம். 1932-இல் பெர்லினின் ஐடியல் நிறுவனம் (பின்னாளில் ப்ளாபங்ட் என்று பெயர் மாறியது) கொண்டுவந்த ஏ.எஸ்.5 ரேடியோ 465 மார்க். அது ஒரு காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. எடையோ 15 கிலோ!

காசு கொடுத்து வாங்கிவிட்டால் போதாது, அதைப் பொருத்த வேண்டுமே... அங்கேதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது.

அன்றைய ரேடியோக்கள் வால்வில் ஓடின. வால்வுக்கு இரண்டு விதமான மின்சாரம் வேண்டும். அதன் இழையைச் சூடாக்கக் காரின் 6 வோல்ட் பேட்டரி போதும். ஆனால் அதன் உள்ளே எலக்ட்ரானை இழுக்க நூறு வோல்ட்டுக்கு மேல் தேவை. அதற்காக உலர் பேட்டரிகளை வரிசையாகக் கோத்து ஒரு பெட்டியில் அடைத்து, காரின் தரைப்பலகையை அறுத்து அதன் கீழே தொங்கவிட்டார்கள். ஏரியலுக்காகக் கூரையைப் பிரித்தார்கள். அக்காலக் கார்களின் கூரை நடுவில் துணிதான் என்பதால், அதற்குள் கோழிக்கூண்டுக் கம்பிவலை ஒன்றை வைத்துத் தைத்துவிட்டார்கள். 1935-ஆம் ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முழு எஃகுக் கூரையைக் கொண்டுவந்தபோது அந்த வலை பயனற்றுப் போனது. எஃகுத் தகட்டுக்கு அடியில் ஏரியல் எப்படி வேலை செய்யும்? அப்போதுதான் அது காரின் வெளியே வந்து கால்பலகையின் கீழேயும், பிறகு கம்பியாக பானெட்டின் ஓரத்திலும் இடம் பிடித்தது.

இத்தனையும் முடித்து ஸ்விட்சைப் போட்டால் பாட்டுக்குப் பதில் 'பட பட' என்ற சத்தம்தான் வரும். காரின் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் ஒரு குட்டி ரேடியோ ஒலிபரப்பு நிலையம் என்பதை அன்றைய மெக்கானிக்குகள் அனுபவத்தில் கற்றார்கள். பிளக் ஒயர்களில் ரெசிஸ்டரும், டைனமோவில் கண்டென்சரும் போட்ட பிறகே பாட்டைக் கேட்க முடிந்தது.

உலர் பேட்டரிப் பெட்டிக்கு 1930-களின் தொடக்கத்திலேயே ஒரு மாற்று கிடைத்தது. அதன் பெயர் வைப்ரேட்டர். வினாடிக்கு நூறு முறைக்கு மேல் அதிரும் ஓர் உலோக நாக்கு 6 வோல்ட் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும். டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர்ந்த வோல்ட்டாக மாற்றும். காருக்குள் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் குறை. இந்த வெட்டி ஏற்றும் தந்திரத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது; நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது வேறு வேஷத்தில் திரும்பி வரும்.

இங்கே காருக்கே உரிய ஒரு விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஒரு பல்புக்கு இரண்டு ஒயர் போகிறது. காரிலோ ஒன்றுதான்! திரும்பி வரும் பாதையாக இருப்பது காரின் இரும்பு உடம்பு. மெக்கானிக் பாஷையில் 'பாடி எர்த்'. செம்பு மிச்சமாகிறது என்று கண்டுபிடித்த இந்த வழிதான், பிற்காலத்தில் கார் பாட்டின் பாதி வியாதிகளுக்குக் காரணம். பேட்டரியின் எந்த முனையை உடம்போடு இணைப்பது என்பதிலேயே நெடுங்காலம் ஒற்றுமை இல்லை. அமெரிக்க ஃபோர்டு கார்கள் 1955 மாடல் வரை ப்ளஸ் முனையை உடம்போடு இணைத்தன; 1956 மாடலில் மைனஸுக்கு மாறின. பிரிட்டிஷ் கார்களில் ப்ளஸ் எர்த் 1960-களிலும் தொடர்ந்தது. வால்வு ரேடியோ இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டர் ரேடியோ அப்படியல்ல, தலைகீழாக இணைத்த நொடியில் புகைந்துவிடும். அதனாலேயே அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் ரேடியோக்கள் பலவற்றில் ப்ளஸ்-மைனஸ் மாற்ற ஒரு சிறிய பிளக் இருந்தது. வாங்கியவர் அதைப் பார்க்காமல் இணைத்தால் புது ரேடியோவுக்கு அன்றே முடிவு.

1950-களில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. பெரிய இன்ஜின்களை ஸ்டார்ட் செய்யவே இந்த மாற்றம் என்றாலும், பாட்டுக்கும் அது ஒரு வரம். ஒரே வாட்டை இரண்டு மடங்கு வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் பாதியாகும். ஒயரில் வீணாகும் வெப்பம் நான்கில் ஒன்றாகும். கூடவே டிரான்சிஸ்டரும் வந்தது. ஃபில்கோ நிறுவனம் தயாரித்து 1955-இல் கிரைஸ்லர் அறிவித்த முழு டிரான்சிஸ்டர் கார் ரேடியோவின் விலை 150 டாலர். வைப்ரேட்டர் இல்லை, சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு புதிய சுவர் குறுக்கே நின்றது. அதுவே 'அப்கிரேடு' என்ற ஆசையின் தொடக்கப் புள்ளி.

அந்தச் சுவர் 12 வோல்ட்தான். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர், தனக்குக் கிடைக்கும் வோல்ட்டுக்கு மேல் ஸ்பீக்கருக்குக் கொடுக்க முடியாது. இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது தரக்கூடியது ஆறு வாட் அளவே. வீட்டு ஸ்பீக்கர்களில் 8 ஓம் வழக்கமாக இருக்கக் கார்களில் 4 ஓம் வந்ததற்கும் இதுவே காரணம்: வோல்ட்டை ஏற்ற முடியாவிட்டால் ஓமையாவது குறைக்கலாமே! அடுத்த தந்திரம், ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் இரண்டு ஆம்ப்ளிபையர்கள் எதிரெதிராகத் தள்ளுவது. பிரிட்ஜ் என்று பெயர். இதில் கணக்குப்படி 25 வாட், நடைமுறையில் 20 வாட் அளவுக்குக் கிடைக்கும். பெட்டியின் மேல் 4 x 50 என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் 12 வோல்ட்டில் ஓடும் சாதாரண ஸ்டீரியோவின் உண்மையான பலம் இதுதான்.

பிரிட்ஜ் முறை ஒயரிங்கில் ஒரு பழைய பழக்கத்தை ஆபத்தாக மாற்றியது. அதுவரை ஸ்பீக்கரின் மைனஸ் முனையைக் காரின் உடம்பில் முறுக்கி விடுவது சகஜம். ஒரு ஒயர் மிச்சம். பிரிட்ஜ் ஆம்ப்ளிபையரில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களிலுமே மின்சாரம் உண்டு. எதையும் உடம்போடு சேர்க்கக் கூடாது. பழைய காரில் புதிய ஸ்டீரியோ போட்டு, பழைய ஒற்றை ஒயரையே நம்பியவர்கள் ஆம்ப்ளிபையரை எரித்தார்கள். ஸ்டீரியோ மாற்றும்போது ஸ்பீக்கர் ஒயரையும் புதிதாக ஜோடியாக இழுக்க வேண்டும் என்ற விதி அங்கிருந்து வந்ததுதான்.

1965-இல் ஃபோர்டு கார்களில் எட்டு டிராக் டேப், 1960-களின் இறுதியில் கேசட், 1984-இல் சி.டி. என்று கேட்கும் பொருள் தெளிவாகிக்கொண்டே போனது. இருபது வாட் போதவில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் ஃபாஸ்கேட் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் காருக்கென்றே அதிக வாட் ஆம்ப்ளிபையர்களைச் செய்து புகழ்பெற்றார். இவ்வகை ஆம்ப்ளிபையர்களுக்குள் இருந்தது வேறொன்றுமில்லை, பழைய வைப்ரேட்டர் தந்திரம்தான்! உலோக நாக்குக்குப் பதிலாக டிரான்சிஸ்டர்கள் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை 12 வோல்ட்டை வெட்ட, டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர்த்திக் கொடுக்கும். சுவர் உடைந்தது. 100 வாட், 500 வாட் என்று எண்கள் ஏறின.

ஆனால் மின்சாரம் சும்மா வருவதில்லை. 500 வாட் கொடுக்கும் சாதாரண வகை ஆம்ப்ளிபையர், வெப்பமாக வீணாவதையும் சேர்த்து ஏறக்குறைய 900 வாட் இழுக்கும். 14 வோல்ட்டில் அது 60 ஆம்பியருக்கு மேல். ஆம்ப்ளிபையர் இருப்பதோ டிக்கியில், பேட்டரி முன்னால். நடுவே ஐந்து மீட்டர் ஒயர். கார் பாட்டின் வரலாற்றில் ஒயரின் பருமன் ஒரு கேள்வியாக மாறியது இந்த ஐந்து மீட்டரில்தான்.

வீட்டு ஒயரிங்கில் பிளக் பாயிண்டுக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. ஒயரை இங்கே இழுப்பதாக வைத்துக்கொண்டால், 60 ஆம்பியரில் 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகும். அதைவிட முக்கியம், அந்த ஒயர் 130 வாட் அளவு வெப்பத்தைக் காரின் கார்ப்பெட்டுக்குக் கீழே கக்கும். இரண்டு மூன்று சால்டரிங் அயர்ன்களைக் கார்ப்பெட்டுக்கு அடியில் போட்டு மூடியது போலத்தான். அதே இடத்தில் 21 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு கால் வோல்ட், வெப்பம் 15 வாட். பாட்டில் பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிற கார்களில் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் இந்த ஒயரும் அதன் எர்த் இணைப்பும்தான்.

அந்த 21 சதுர மி.மீ. ஒயரைத்தான் ஆம்ப்ளிபையர் கிட் பெட்டியில் '4 கேஜ்' என்று எழுதுகிறார்கள். இந்த எண்ணுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1857-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்து பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனம் வகுத்த அளவு இது. கம்பியை அச்சுக்குள் எத்தனை முறை இழுத்து மெல்லியதாக்கினார்கள் என்ற பழைய பழக்கத்திலிருந்து வந்ததால் எண் கூடக் கூட ஒயர் மெலியும். மூன்று எண் இறங்கினால் ஒயரின் பரப்பு இரட்டிப்பாகும். பிரிட்டன் 1884-இல் தனக்கென்று வேறொரு கேஜை சட்டமாக்கியது. இந்தியாவில் மோட்டார் காயில் கட்டும் கடைகளில் புழங்குவது அந்தப் பிரிட்டிஷ் கேஜ். இரண்டிலும் எண் 8 என்றால் ஒன்றா? இல்லை. அமெரிக்க 8 என்பது 8.4 சதுர மி.மீ.; பிரிட்டிஷ் 8 என்பது 13. எண்ணை நம்பாமல் சதுர மி.மீ. கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். அதிலும் 2000-களின் நடுவில் செம்பின் விலை மூன்று நான்கு மடங்கு ஏறிய பிறகு, அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய ஒயர்கள் சந்தையில் நிறைந்தன. பார்வைக்குச் செம்பு, ஓடுவது மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம்தான். அந்த வகையை வாங்குபவர் ஒரு படி பருமனாக வாங்க வேண்டும்.

இப்போது மீண்டும் அந்த பேக்கார்ட் தீக்கு வரலாம். பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயர், இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டைத் துளைத்து வருகிறது. துளையின் விளிம்பு கத்தி போன்றது. வண்டி குலுங்கக் குலுங்க ஒயரின் தோல் அறுந்து செம்பு தகட்டில் பட்டால், காரின் உடம்பே மைனஸ் என்பதால் அது நேரடி ஷார்ட். பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒயர் சிவந்து எரியும். ஆம்ப்ளிபையரில் இருக்கும் ஃபியூஸ் இதைத் தடுக்காது, ஏனென்றால் ஷார்ட் அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. எனவேதான் பேட்டரி முனையிலிருந்து 18 அங்குலத்துக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு முழ தூரத்துக்குள், ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும் என்ற வழக்கம் உறுதிப்பட்டது. அது காப்பாற்றுவது ஆம்ப்ளிபையரை அல்ல, ஒயரை. ஃபியூஸின் அளவும் ஒயர் தாங்கும் ஆம்பியரைப் பார்த்தே வைக்கப்பட வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடுவதும், வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் 1930-க்கே திரும்பிப் போவதற்குச் சமம். துளையில் ரப்பர் வளையம் போடுவது பத்து ரூபாய் வேலை, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்டீரியோவின் பின்னால் தொங்கும் வண்ண ஒயர்களும் இப்படிப் பழைய கதைகளைச் சுமந்தே நிற்கின்றன. மெக்கானிக்கல் ரேடியோவுக்கு ஒரே ஒரு ப்ளஸ் போதுமாக இருந்தது. கடிகாரமும், ஸ்டேஷன்களை நினைவில் வைக்கும் எலக்ட்ரானிக் ட்யூனரும் வந்தபோது, சாவியை எடுத்த பிறகும் துளி மின்சாரம் தேவைப்பட்டது. அப்படிப் பிறந்ததே இரண்டாவது ப்ளஸ். தனியாக வாங்கும் ஸ்டீரியோக்களில் மஞ்சள் ஒயர் எப்போதும் மின்சாரம் உள்ளது. சிவப்பு, சாவி போட்டால் மட்டும். கறுப்பு எர்த். நீல ஒயர் முதலில் மோட்டாரில் தானாக எழும் ஏரியலை எழுப்புவதற்காக வந்தது. பிறகு அதன் உறவான நீல-வெள்ளை ஒயர் டிக்கியிலிருக்கும் ஆம்ப்ளிபையரை எழுப்பும் வேலையைப் பார்த்தது. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நான்கும் ஸ்பீக்கர்களுக்கு. ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கோடு போட்ட ஒரு ஜோடி. கோட்டைக் கவனிக்காமல் ஒரு பக்க ஸ்பீக்கரை மட்டும் மாற்றி இணைத்தால் எதுவும் எரியாது, ஆனால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் காணாமல் போகும். புது ஸ்பீக்கர் மோசம் என்று கடைக்காரரோடு சண்டை போடும் முன் பார்க்க வேண்டியது இதுதான்.

ஐரோப்பியர்கள் இன்னும் ஒரு படி போய் பிளக்கையே தரப்படுத்தினார்கள். ஸ்டீரியோ பெட்டியின் அளவு 180 x 50 மி.மீ. என்று 1980-களில் ஜெர்மன் தரமாக வந்து உலகம் முழுவதும் பரவியது. 1990-களில் ஐ.எஸ்.ஓ. 10487 என்ற எட்டு எட்டு முனைகள் கொண்ட பிளக் வந்தது. இனி வெட்டுவதும் ஒட்டுவதும் வேண்டாம், சொருகினால் போதும் என்றார்கள். நடந்ததோ வேறு. ஃபோக்ஸ்வேகன் கார்கள் பலவற்றில் மஞ்சளும் சிவப்பும் போக வேண்டிய முனைகள் இடம் மாறியிருந்தன. புது ஸ்டீரியோவைச் சொருகியவர்கள் ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் எல்லா ஸ்டேஷன்களும் அழிந்துபோவதைக் கண்டு திகைத்தார்கள். இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் தீரும் நோய்தான்!

இன்னொரு நோய்க்கு மருந்து அவ்வளவு சுலபமில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்...' என்று ஏறும் ஒரு சத்தம். டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டர் 1960 முதல் பரவியபோது உடன் வந்த விருந்தாளி அது. ஸ்டீரியோவுக்கு ஓர் இடத்தில் எர்த், ஆம்ப்ளிபையருக்கு ஐந்து மீட்டர் தள்ளி இன்னோர் இடத்தில் எர்த். இரண்டுக்கும் நடுவே இரும்பு உடம்பில் ஆம்பியர்கள் ஓடுவதால் இரு இடத்திலும் வோல்ட் ஒன்றாக இருப்பதில்லை. அந்தச் சிறு வித்தியாசம் சிக்னல் ஒயரின் உறை வழியே நுழைந்து பாட்டாகிவிடுகிறது. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கமாக எர்த் கொடுப்பது, எர்த் ஒயரையும் ப்ளஸ் ஒயர் அளவுக்கே பருமனாகவும் குட்டையாகவும் வைப்பது, சிக்னல் ஒயரைப் பவர் ஒயருக்கு எதிர்ப் பக்கமாக இழுப்பது – அனுபவம் கற்றுத்தந்த வழிகள் இவை. ஒற்றை ஒயரில் செம்பை மிச்சம் பிடித்ததற்கான வட்டி இது என்றும் சொல்லலாம்.

காசு வீணான கதைகளும் உண்டு. ஹெட்லைட் மங்காமல் இருக்க ஒரு ஃபேரட் கெப்பாசிட்டர் என்று ஒரு மோகம் வந்தது. 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்குவதற்குள் அது தருவது 26 ஜூல். 900 வாட் இழுக்கும் ஆம்ப்ளிபையருக்கு அது வினாடியில் முப்பதில் ஒரு பங்குக்குக்கூடக் காணாது. விலையுயர்ந்த ஸ்பீக்கர் ஒயரும் அப்படித்தான். 50 வாட் ஸ்பீக்கருக்குப் போவது மூன்றரை ஆம்பியர். காருக்குள் நான்கு மீட்டர் தூரத்துக்கு 1.3 சதுர மி.மீ. ஒயர் தாராளம். அதற்கு மேல் செலவழிக்கும் பணத்தைப் பேட்டரி ஒயரில் போட்டிருந்தால் காதுக்கும் நல்லது, காருக்கும் நல்லது.

2001-இல் வெளியான பி.எம்.டபிள்யு. 7 வரிசைக் காரில் பாட்டு செம்பு ஒயரை விட்டுவிட்டுக் கண்ணாடி இழை போன்ற ஒளிக் கம்பியில், மோஸ்ட் என்ற முறையில் ஓட ஆரம்பித்தது. பின்னர் வந்த பல கார்களில் ஸ்டீரியோவைக் கழற்றினால் ஏ.சி. பட்டன்களும் எச்சரிக்கை மணியும் சேர்ந்தே போய்விடுகின்றன. மஞ்சளையும் சிவப்பையும் தேடினால் கிடைப்பது டேட்டா ஒயர்தான். எனவே இப்போது அப்கிரேடு செய்பவர்கள் ஸ்டீரியோவைத் தொடாமல், ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னலை எடுத்து ஆம்ப்ளிபையருக்குக் கொடுக்கிறார்கள். முன்பக்கம் எவ்வளவு மாறினாலும் பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போகும் அந்தத் தடித்த ஒயரும், 18 அங்குலத்துக்குள் ஃபியூஸும் மாறவில்லை.

வோல்ட் மட்டும் மீண்டும் மாறத் தொடங்கியிருக்கிறது. 2023 நவம்பரில் விற்பனைக்கு வந்த டெஸ்லா சைபர்டிரக், 12 வோல்ட்டைக் கைவிட்டு 48 வோல்ட்டில் தன் உள் ஒயரிங்கை அமைத்தது. அதே வாட்டுக்கு ஆம்பியர் நான்கில் ஒன்று, ஒயரும் மெலிந்தது. கடைகளில் விற்கும் ஆம்ப்ளிபையர்களோ இன்னும் 12 வோல்ட்டுக்கானவை. அவற்றை அந்த வண்டியில் வைக்க விரும்புபவர், மின்சாரத்தை வெட்டி வெட்டி 48-ஐ 12 ஆக இறக்கும் ஒரு பெட்டியை நடுவில் வைத்தாக வேண்டும்.